ஏரி ரோட்டில் சைக்கிளா... குதிரையா... யார் வழி விடணும்?

கொடைக்கானல்:

கொடைக்கானலுக்கு டூர் வர்றவங்க ஏரியை ஒரு ரவுண்டு அடிக்காம ஊர் திரும்புறது இல்லை. ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோ மீட்டர் ரோடு. வாடகை சைக்கிள், குதிரை சவாரி, வாக்கிங், போதாததற்கு கார், வேன் எல்லாம் இந்த ஒரே ரோட்டில்தான்.

சீசன் நேரத்தில் இங்கே கேட்கிற வாய்த்தகராறு எல்லாம் ஒரே ரகம். குதிரையை ஓரமா பிடிக்கக்கூடாதா என்பார் சைக்கிள்காரர். பின்னாடி வந்து மணி அடிச்சு மிரட்டினது யாருன்னு திருப்பிக் கேட்பார் குதிரைக்காரர். நடந்து போகிறவர் இரண்டு பேரையும் சேர்த்து திட்டுவார்.

மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை 1863-ல் இந்த ஏரியை உண்டாக்கினபோது மலை ஏற மோட்டார் ரோடே கிடையாது. குதிரையும், ஆள் தூக்கிய நாற்காலியும்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த ரோட்டில் சீனியர் குதிரைதான்!

சீனியர் என்பதற்காக யாரும் வழி விட வேண்டாம். குதிரையோட கண்ணுக்காக விடணும்.

பின்னாடி தெரியாது

குதிரைக்கு கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருக்கு. அதனால் கழுத்தைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பார்க்கும். பழனியில் குதிரை வண்டி பார்த்தவங்களுக்கு தெரியும், கண்ணுக்குப் பக்கத்தில் தோல் பட்டை கட்டியிருப்பாங்க. பக்கத்தில் வர்றதைப் பார்த்து மிரளக்கூடாதுன்னுதான் அது.

இவ்வளவு பார்க்கிற குதிரைக்கு நேர் பின்னாடி மட்டும் தெரியாது. மூஞ்சிக்கு ரொம்ப கிட்டத்தில் நேர் எதிரே இருப்பதும் தெரியாது. காட்டில் வாழ்ந்த காலத்தில் சத்தம் போடாமல் பின்னாடி வந்தது எல்லாம் அதை அடித்துத் தின்ன வந்த மிருகம்தான். அந்தப் பயம் ரத்தத்தில் ஊறிப்போச்சு. இன்னிக்கு சத்தம் இல்லாமல் சர்ருன்னு பின்னாடி வர்றது சைக்கிள்! புலியா சைக்கிளான்னு குதிரை யோசிச்சுக்கிட்டு நிற்காது. ஒண்ணு உதைக்கும், இல்லாட்டி ஓடும்.

மேலே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் முதன்முதலா குதிரை ஏறின குழந்தை. கீழே விழுந்தால் தார் ரோடு. கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவருக்கோ அன்னிக்கு கூலி போச்சு. குதிரைக்கு கால் பிசகினால் குணமாகிற வரைக்கும் அடுப்பு எரியறதே கஷ்டம். தீனி மட்டும் தினமும் போட்டாகணும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

நம்ம ஊரில் மட்டும்தான் இந்தப் பிரச்சினைன்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பைஸ் என்று ஒரு மலை இருக்கு. மலையில் சைக்கிள் விடுற மோகம் 1970-களில் அந்த வட்டாரத்தில்தான் சூடு பிடிச்சது. 1976-ல் அந்த வட்டாரத்தில் மலைச் சரிவில் மேலே இருந்து கீழே சைக்கிள் ரேஸே நடத்தினாங்க. நடக்கிறவங்களும் குதிரைக்காரங்களும் கொதிச்சுப் போனாங்க. புகார் மேல புகார். கடைசியில் மலைப் பாதையிலேயே வேக வரம்பு வந்தது. மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோ மீட்டர். ஆள் தெரியாத வளைவில் 5 மைல்தான். ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிளே கூடாதுன்னுட்டாங்க.

அந்த நாட்டுப் பாதைகளில் மஞ்சள் முக்கோண போர்டு ஒன்று வைத்திருப்பார்கள். சைக்கிள் மற்ற இரண்டு பேருக்கும் வழி விடணும், நடக்கிறவர் குதிரைக்கு வழி விடணும் என்பது அதற்கு அர்த்தம். இங்கிலாந்தில் இதை 1968-லேயே சட்டமாக்கிட்டாங்க. குதிரைப் பாதையில் சைக்கிள் போகலாம், ஆனால் நடக்கிறவருக்கும் குதிரைக்கும் ஒதுங்கித்தான் போகணும். 2022-ல் திருத்திய சாலை விதியில் கார்காரர்களுக்கும் ஒரு கணக்கு சொல்லியிருக்காங்க. குதிரையைத் தாண்டும்போது 10 மைல் வேகத்துக்கு மேல் கூடாது, 2 மீட்டர் இடைவெளி விடணும்.

நம்ம பழக்கம் தலைகீழ். ஹாரன் அடிச்சவனுக்குத்தான் ரோடு. குதிரை பக்கத்தில் வந்து ஹாரனை அழுத்துற வேன்காரரை என்ன சொல்றது!

'அண்ணே, சைக்கிள் வருது'

சைக்கிள் மணியை குதிரைக்கு கிட்டே போய் அடிப்பது வம்பு. தூரத்தில் இருக்கும்போதே பிரேக் பிடிச்சு, "அண்ணே, சைக்கிள் வருது" என்று சாதாரணமா குரல் கொடுக்கணும். மனுஷக் குரல் குதிரைக்குப் பழக்கமானது. குதிரைக்காரரும் திரும்பிப் பார்த்து கயிற்றை இறுக்கிப் பிடிச்சுக்குவார். அவர் தலையாட்டின பிறகு நல்லா தள்ளி, மெதுவா தாண்டலாம். குதிரை காதை பின்பக்கமா தலையோடு ஒட்டி மடக்கினால் அது கோபத்தில் இருக்குன்னு அர்த்தம். சைக்கிளை விட்டு இறங்கி நின்னுடுங்க.

பனி மூட்டம் இருந்தால், மழை தூறினால் வாடகை சைக்கிளின் ரப்பர் பிரேக் சரியா பிடிக்காது. எடுக்கும்போதே கடைக்கு முன்னாடி அழுத்திப் பார்த்துக்கணும். நனைந்த சாணத்தில் சக்கரம் ஏறினால் வழுக்கும். விழுந்து தோல் சிராய்ச்சால் சோப்பு போட்டு கழுவிட்டு, டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு டாக்டரிடம் சொல்லுங்க. டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணத்தில் இருக்கும்.

நடக்கிறவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. நாலு பேர் கைகோத்து ரோட்டை அடைச்சு, காதில் இயர்போன் வேற. குதிரைக்குப் பின்னாடி நின்னு செல்பி எடுக்கிறாங்க. குறைஞ்சது 10 அடி தள்ளி நிற்கணும். குழந்தை கையை விடவே கூடாது. குறுகலான மலைப் பாதையில் குதிரை எதிரே வந்தால், கால் ஊன்ற இடம் இருந்தால் சரிவின் கீழ்ப் பக்கமா ஒதுங்குவது நல்லது. மேட்டில் ஆள் நின்றால் பாயப் போகிற மிருகம் மாதிரி குதிரைக்குத் தெரியும்.

குதிரைக்காரங்க பக்கமும் தப்பு இருக்கு. கூட்டம் இருக்கிற நேரத்தில் குதிரையை நாலு கால் பாய்ச்சலில் விடுறது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. பாயும் குதிரை மணிக்கு 40 கிலோ மீட்டரைத் தொடும். பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவு, பொது வழியில் ஆபத்தா வண்டி ஓட்டுறவருக்கு மட்டும் இல்லை, சவாரி செய்றவருக்கும் பொருந்தும். 6 மாதம் வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லாட்டி இரண்டும். தன்னிடம் உள்ள பிராணியை கவனக்குறைவா விட்டு ஆபத்து உண்டாக்கினால் 291-வது பிரிவு. அதிலும் 6 மாதம் வரை ஜெயில், அபராதம் 5 ஆயிரம் ரூபாய் வரை.

குதிரை மிரண்டு ஓடி வந்தால் கையை விரிச்சுக்கிட்டு குறுக்கே பாயாதீங்க, கூச்சலும் போடாதீங்க. சைக்கிளை ரோட்டில் போட்டுட்டு ஓடினாலும் குதிரை அதில் கால் மாட்டிக்கும். சைக்கிளோடு ஓரமா ஒதுங்குங்க. ஓட வழி கிடைச்சால் கொஞ்ச தூரத்தில் தானா வேகம் குறையும். அதைப் பிடிக்கிற வேலையை குதிரைக்காரரிடம் விட்டுடுங்க.