ஆயாவுக்கும் டாக்டருக்கும் நடுவே

நர்ஸுக்கு ஆறு மாதக் கூடுதல் பயிற்சி கொடுத்து, கிராமத்தின் முதல் மருத்துவப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது அரசு. பொறுப்பு வந்துவிட்டது, மருந்து எழுதும் பேனா வரவில்லை. கொல்கத்தா போன்ற நகரங்களுக்கோ அந்த நர்ஸே இன்னும் வந்து சேரவில்லை.

காலை ஏழு மணி. லேக் மார்க்கெட்டில் மல்லிகைச் சரமும் வாழை இலையும் கறிவேப்பிலையும் விலைபோகின்றன. ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள், ராஷ்பிகாரி அவென்யூ ஓட்டல்களில் ஃபில்டர் காபிக்காக ஒதுங்குகிறார்கள். பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கினாலும் முடிவது சுகரிலும் பிரஷரிலும்தான்.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அரசுக் கணக்கு அலுவலகங்களுக்கும் ரயில்வேக்கும் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய பகுதி இது. அடுத்த தலைமுறையில் பலர் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். தங்கிவிட்ட பெற்றோருக்கு வயதாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எழுபத்தைந்து வயது மாமி தனியாக இருக்கிறார். துணைக்கு ஆயா சென்டரிலிருந்து வரும் பெண். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. 'மாஷிமா' என்று அன்பாகக் கூப்பிடுவாள், குளிப்பாட்டுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். இரவு பத்து மணிக்கு மாமிக்குத் தலை சுற்றுகிறது. காரணம் என்ன? பிரஷர் ஏறிவிட்டதா, சுகர் இறங்கிவிட்டதா, மத்தியானம் சாப்பிடாததா? ஆயாவுக்குத் தெரியாது. மருந்துக் கடையை ஒட்டிய சேம்பரில் டாக்டர் இருக்கும் நேரம் முடிந்துவிட்டது. அவசரம் என்றால் சரத் போஸ் சாலையில், ஊர் இன்னமும் 'சிசுமங்கள்' என்று சொல்லும் ராமகிருஷ்ண மிஷன் சேவா பிரதிஷ்டான் இருக்கிறது. ஆனால் இது அவசரமா என்பதுதானே கேள்வி?

அதே நேரத்தில் நியூஜெர்சியில் இருக்கும் மாமியின் மகள், தொண்டை வலிக்காகப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்வந்திருக்கலாம். அவளைப் பரிசோதித்து மருந்து எழுதிக் கொடுத்தவர் டாக்டராக இல்லாமல் ஒரு 'ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக' இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

<b>கொலராடோவில் தொடங்கியது</b>

இந்தப் பதவிக்கு வயது அறுபதுக்கு மேல். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நர்ஸ் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டாத கிராமப்புறக் குழந்தைகளை அனுபவமுள்ள நர்ஸ் ஏன் பார்க்கக் கூடாது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. டாக்டர்களும் எதிர்த்தார்கள், நர்ஸுகளிலும் ஒரு சாரார் எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் 104-வது வயதில் ஃபோர்டு காலமானபோது, அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் டாக்டரின் மேற்பார்வை இன்றியே நோய் கண்டறிந்து மருந்து எழுதும் உரிமை பெற்றிருந்தார்கள்.

அங்கே இந்தத் தகுதிக்கு முதுகலைப் படிப்பு தேவை. வேறு துறையில் ஏற்கனவே முதுகலை முடித்த நர்ஸுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதுதான் முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. விடுபட்ட பாடங்களை மட்டும் முடித்தால் போதும். ஆனால் நோயாளிகளோடு செலவிட வேண்டிய நேரத்தில் சலுகை கிடையாது. 2022-ல் திருத்தப்பட்ட தேசிய அளவுகோலின்படி குறைந்தது 750 மணி நேரம். அதன்பின் தேசியத் தேர்வு, பிறகு மாநில லைசென்ஸ். பச்சிளம் குழந்தையிலிருந்து பாட்டி வரை ஒரு குடும்பம் முழுவதையும் பார்க்கத் தகுந்தவர் என்பதற்கான சீட்டு அது.

<b>இந்தியாவின் ஆறு மாதம்</b>

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கி வருவது, 2017-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமுதாய நலச் சான்றிதழ்ப் படிப்பு. பதிவு பெற்ற நர்ஸுகளுக்கு ஆறு மாதம். பாடம் ஒரு பக்கம், மாவட்ட மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நேரடிப் பயிற்சி மறுபக்கம். பின்னர் பி.எஸ்சி. நர்ஸிங் பாடத்திட்டத்துக்குள்ளேயே இந்தப் பயிற்சி சேர்க்கப்பட்டது.

படித்தவர்களுக்கு வேலை காத்திருந்தது. 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டம் ஜாங்லாவில் முதல் சுகாதார, நல மையம் திறக்கப்பட்டது. 2022 டிசம்பருக்குள் ஒன்றரை லட்சம் மையங்கள் என்பது இலக்கு. துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தரம் உயர்த்தி இலக்கு எட்டப்பட்டது. 2023-ல் இவற்றுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று மத்திய அரசு பெயர் மாற்றியது. மேற்கு வங்கத்தில் வைத்த பெயர் 'சுஸ்வாஸ்த்ய கேந்திரா'. பெயரில் அரசியல் உண்டு. உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

துணை நிலையத்தின் பொறுப்பாளர் சமுதாய சுகாதார அலுவலர். பெரும்பாலும் நர்ஸ். சமவெளியில் சுமார் 5,000 பேர், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேர் அவர் கணக்கில் வருகிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று ஆகியவற்றுக்கும், பெண்களுக்குக் கூடுதலாக மார்பக, கருப்பை வாய்ப் புற்றுக்கும் ஆரம்பப் பரிசோதனை நடத்த வேண்டும். கர்ப்பிணி, குழந்தை, முதியோர், மனநலம், இறுதிக்கால நோய்த் தணிப்பு என்று பட்டியல் நீள்கிறது. அமெரிக்கா 'ஃபேமிலி நர்ஸ்' என்று அழைப்பவரின் வேலைப் பட்டியலுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

<b>பேனா யாரிடம்?</b>

வித்தியாசம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரஷர் 170 என்று மெஷின் காட்டினாலும், புதிய நோயாளிக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். அல்லது 2019-ல் வந்த இ-சஞ்ஜீவனி, 2021 ஆகஸ்டில் மேற்கு வங்கம் தொடங்கிய 'ஸ்வாஸ்த்ய இங்கித்' போன்ற தொலைமருத்துவ வசதி மூலம் டாக்டரைத் திரையில் கொண்டுவரலாம். டாக்டர் எழுதியபின் மாதா மாதம் மாத்திரை கொடுப்பதும், அளவெடுப்பதும், வராதவரைத் தேடிப் பிடிப்பதும் நர்ஸின் வேலை. வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படை. சம்பளத்தின் ஒரு பகுதி, பதிவேட்டில் ஏறும் எண்ணிக்கைகளைப் பொறுத்த ஊக்கத்தொகை.

பேனாவைக் கொடுக்க ஒரு முயற்சி நடந்தது. 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, சமுதாய சுகாதார வழங்குநர்களுக்கு வரையறுக்கப்பட்ட லைசென்ஸ் வழங்க இடம் கொடுக்கிறது. ஆரம்ப, தடுப்பு மருத்துவத்தில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைச் சொந்தமாக எழுதலாம். இவர்கள் எண்ணிக்கை பதிவு பெற்ற டாக்டர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோதே, ஜூலை 31 அன்று இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. போலி வைத்தியத்துக்குச் சட்ட அங்கீகாரம் என்பது அதன் குற்றச்சாட்டு. கொல்கத்தாவும் இந்தக் காட்சியைப் பார்த்தது. 2023 மே மாதம், மூன்றாண்டு டிப்ளமோ டாக்டர்கள் என்ற யோசனையை முதல்வர் மம்தா பானர்ஜி முன்வைத்ததும் டாக்டர்களிடமிருந்து கண்டனம் கிளம்பியது.

டாக்டர்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆறு மாதத்தில் என்ன கற்றுவிட முடியும்? ஏழைக்கு அரைகுறை வைத்தியம், பணக்காரனுக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று ஆகிவிடாதா? நியாயமான கேள்வி. பதில், பயிற்சியை நீட்டுவதில் இருக்கிறது. அதற்கு உதாரணமும் உள்நாட்டிலேயே உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு ஆண்டு, முதுகலைத் தரம். பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு, மத்திய அரசின் 2018-ம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பதினெட்டு மாதம். ஒரு உறுப்புக்கோ ஒரு கட்டத்துக்கோ இவ்வளவு காலம் என்றால், குடும்பம் முழுவதையும் பார்க்க வேண்டியவருக்கு ஆறே மாதம் என்பது கணக்கில் உதைக்கிறது.

<b>வீட்டுக்கு வரும் நர்ஸ்</b>

தமிழகம் வேறொரு முனையிலிருந்து தொடங்கியது. 2017-ல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில், துணை சுகாதார நிலையங்களுக்குக் கூடுதல் ஆளும் மருந்தும் கொடுத்துச் சோதனை நடந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்க நர்ஸும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. எழுதும் அதிகாரம் இங்கேயும் டாக்டரிடம்தான். ஆனால் நடக்க முடியாதவர் வீட்டு வாசலுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நிற்பதே நோயாளிக்குப் பெரிய விஷயம்.

லேக் மார்க்கெட் மாமிக்கு அந்த வசதியும் எட்டவில்லை. நகர ஆரம்ப சுகாதார மையம் எம்.பி.பி.எஸ். டாக்டரை மையமாக வைத்துத் திட்டமிடப்பட்டது. சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்பது விதி. நகரத்தில் டாக்டருக்குப் பஞ்சமில்லை என்பது திட்டமிட்டவர்களின் நினைப்பு. அது உண்மைதான். ராஷ்பிகாரி அவென்யூவில் மருந்துக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகையாவது தொங்குகிறது. ஆனால் அந்த டாக்டர் மாடிப்படி ஏறி வருவதில்லை. மாடியில் இருக்கும் ஆயாவுக்குப் பிரஷர் பார்க்கத் தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படி காலியாக இருக்கிறது.

1932-ல் சுவாமி தயானந்தர் இந்நகரில் சிசுமங்கள் பிரதிஷ்டானைத் தொடங்கியபோது இருந்த பெரும் கவலை, பிரசவத்தில் மடியும் தாயும் சேயும். அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர் அவர். இன்று அதே வட்டாரத்தின் கவலை மூப்பு. அன்று பிரசவத்துக்குப் பயிற்சி பெற்ற கைகள் தேவைப்பட்டன. இன்று மூப்புக்குத் தேவைப்படுகின்றன.

அப்படி ஒரு நர்ஸ் இருந்தால், இரவு பத்து மணிக்கு மாமியின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். சுகர் 55 என்று தெரியும். சர்க்கரை கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடியும் பார்ப்பார். ஏறியிருந்தால் ஏதாவது சாப்பிட வைப்பார். ஏறாவிட்டால் சிசுமங்களுக்குக் கிளப்புவார். மாத்திரையின் அளவைப் பற்றி மறுநாள் டாக்டரிடம் கேட்பார். பயிற்சியும் சட்டமும் இடம் கொடுத்தால், அவரே அதைக் குறைத்து எழுதுவார்.

இப்போதைக்கு, ஆயா நியூஜெர்சிக்கு போன் போடுகிறாள்.