வெளிச்சத்தைப் பிடிக்கும் பலகைகள்

டமாஸ்கஸ் நகரத்தின் பழைய வீடுகள் தெருவுக்குத் தங்கள் செல்வத்தைக் காட்டுவதில்லை. வெளியே எளிய சுவர், உள்ளே முற்றம், முற்றத்தை ஒட்டி விருந்தினரை வரவேற்கும் கூடம். அந்தக் கூடத்தின் சுவரையும் கூரையையும் போர்த்தியிருக்கும் வண்ண மரவேலைக்குச் சிரியாவில் ‘அஜமி’ என்று பெயர். பூங்கொத்து, பழக்கிண்ணம், கவிதை வரி என்று இடைவெளியின்றி நிறைந்திருப்பதால் இதை வண்ண ஓவியம் என்றே பலரும் எண்ணுவர். செய்முறையைக் கவனித்தால், அந்தக் கைவினைஞர்கள் வண்ணத்தைவிட வெளிச்சத்தையே அதிகம் யோசித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

முதலில் பலகைமேல் ஜிப்சமும் வஜ்ஜிரமும் கலந்த பூச்சு. அதன்மேல் துளையிட்ட தாளை வைத்துக் கரித்தூளைத் தட்டினால் கோலம் பதியும். பிறகு ஜிப்சம் குழம்பைத் தூரிகையால் வைத்துப் பூவையும் கொடியையும் மேடாக்குவார்கள். மேட்டின்மேல் தங்க ரேக்கோ வெள்ளீய ரேக்கோ ஒட்டப்படும். வெள்ளீயத்தின்மேல் சில இடங்களில் கண்ணாடி போன்ற வண்ண மெருகு பூசுவதால், அடியிலுள்ள உலோகம் அந்த நிறத்திலேயே மினுங்கும். பின்புலத்துக்கோ முட்டை கலந்த, பளபளப்பில்லாத வண்ணம். நிறம் மட்டுமே வேண்டுமென்றால் இத்தனை பாடு எதற்கு? முற்றத்து வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும் அறையில், மேடு நிழல் தரும்; உலோகம் ஒளிரும்; பின்புலம் அடங்கியிருக்கும்.

செதுக்க நேரமில்லாதவர்கள் கண்ட மலிவான மாற்றுதானே இது என்று கேட்கலாம். செதுக்கிய மரம் நிழலைத் தரும். நிறத்துக்கு அடியிலிருந்து வரும் மினுக்கத்தைத் தராது. மேலும், தங்கம் ஒட்டிய வேலையை மலிவு என்பது பொருந்தாது. அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு வேறொரு ஐயம் எழும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, 1707-ஆம் ஆண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் அறை பழுப்பேறி இருண்டல்லவா கிடக்கிறது? அந்தப் பழுப்பு கைவினைஞர் தீட்டியதன்று. பின்னாளில் அடுக்கடுக்காகப் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கருத்ததன் விளைவு. பளபளப்புக்கும் மங்கலுக்கும் இடையே அவர்கள் வைத்த வேறுபாட்டையே அது மூடிவிட்டது. ஆகவே இத்தகைய பலகையை நேர் எதிரே நின்று பார்ப்பது போதாது. சற்றே நகர்ந்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அப்போதுதான் பூவின் விளிம்பில் வெளிச்சம் ஏறி இறங்குவது தெரியும்.