அன்னக்கூடையின் உலோகம்

காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் மீன் ஏறுவது அலுமினிய அன்னக்கூடையில். எம்.கே.பி. நகர் வீடுகளில் பண்டிகை நாளில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெரிய குண்டானும் அதே உலோகம்தான். நல்ல பாத்திரத் தகட்டில் நூற்றுக்கு 99 பங்குக்குக் குறையாமல் அலுமினியம் இருக்கும். மீதியில் பெரும்பாலும் இரும்பும் சிலிக்கனும். இதுதான் வணிகத் தரத் தூய அலுமினியம். இந்தியத் தர நிர்ணயத்தில் இதன் எண் 19000.

இதன் பலமே இதன் மென்மைதான். வட்டமாக வெட்டிய தகட்டைக் கடைசல் இயந்திரத்தில் அச்சோடு சேர்த்துச் சுழலவிட்டு, நீண்ட பிடியுள்ள கருவியால் அழுத்திக்கொண்டே போனால், எங்கும் ஒட்டுப் போடாமல் பாத்திரம் உருவாகிவிடும். அழுத்த அழுத்தத் தகடு விறைக்கும். அளவுக்கு மீறினால் வெடிப்பு விடும். சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஆறவிட்டால் பழைய இளக்கம் திரும்பும். இங்கேதான் அனுபவசாலியின் கண் வேண்டும்: இரும்பைப் போல இது சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரியில் உருகியே போய்விடும்.

இந்தத் தொழில் சென்னைக்குப் பழையது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி கலைப் பள்ளியாக இருந்தபோது, 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைகளுக்கு இந்தப் புது உலோகம் சீக்கிரமே வசப்பட்டது. 1903-ல் பட்டறை தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. தகடு அப்போது கப்பலில் வந்தது; மேட்டூரில் அலுமினியம் உருக்கத் தொடங்கியது 1965-ல்தான்.

கடற்காற்றை இது எப்படித் தாங்குகிறது? காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் பிடித்துக்கொள்கிறது. கீறினாலும் அந்த இடத்தில் உடனே புதுப் படலம் வளரும். ஆனால் உப்புநீர் தேங்கினால் படலம் ஆங்காங்கே உடைந்து பொடிப்பொடியாகக் குழி விழும். கூடையை நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பது அதனால்தான். புளியும் படலத்தை அரிக்கும். குழம்பை இதில் இரவெல்லாம் வைக்க வேண்டாம். கண்ட கழிவையும் உருக்கி வார்த்த மலிவுச் சட்டியில் ஈயம்கூடக் கலந்திருக்கலாம். அது சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது.

வடசென்னை அனல் மின்நிலையப் பக்கம் கோபுரங்களில் தொங்கும் கம்பிகளிலும் பெரும்பாலும் இதே உலோகம்தான், இன்னும் தூய்மையாக, 99.5 சதவீதம். ஒரே பருமனில் செம்பு கடத்துவதில் சுமார் 61 சதவீத மின்சாரத்தைத்தான் கடத்தும். ஆனால் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இழுவையைத் தாங்க நடுவில் எஃகு இழை ஓடும். செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு, உப்பீரமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அதனால் அந்த இணைப்பில் மட்டும் இரு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் கிளாம்ப் போடுவார்கள்.