தடிமனா, ஒவ்வாமையா?

2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் வீட்டையும் தோட்டத்தையும் பறித்தபின், உறவினரின் லயக் காம்பராவில் நெருங்கித் தங்கும் குடும்பங்களே! மழைக்காலத்தில் விடியற்காலைத் தும்மல் நம்மில் பலரை வாட்டுகிறது.

காய்ச்சலின்றி, மூக்கில் தெளிந்த நீர் வடிந்து, கண்ணும் மூக்கும் அரித்து, வாரக்கணக்கில் நீடித்தால் அது வெறும் தடிமன் அல்ல; ஒவ்வாமையாக இருக்கலாம். ஈரச் சுவரில் படரும் பூஞ்சணமும், படுக்கையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளும் அதைத் தூண்டுகின்றன. விறகுப் புகை அதை மேலும் கடுமையாக்குகிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வெயில் எறிக்கும் நாளில் பாயையும் கம்பளியையும் வெளியே உலர்த்துவோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்போம். படுக்கும் அறைக்குள் ஈர உடுப்பைக் காயப்போடாதிருப்போம். கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுவோம்.

தும்மலுக்குத் தரப்படும் குளோர்பெனிரமின் மாத்திரை தூக்கம் தரும். அதை விழுங்கிவிட்டுக் கத்தியோடு மலைச்சரிவில் இறங்க வேண்டாம். தூக்கம் குறைந்த லொராடடின் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். நெஞ்சு இழுத்தால் தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

புது வீடு கட்டித் தரும்போது, குசினிக்குப் புகைக்கூண்டும் அறைக்கு ஜன்னலும் சேர்த்தே கேட்போம். அதுவே நிலையான மருந்து.