அரை மணி போதும், நூலகம் போகலாம்!

இடுப்பில் குழந்தை, தோளில் பை. அந்த நாளில் அப்படித்தான் நூலகத்துக்குப் போவேன். இழுப்பறையில் இருக்கும் பட்டியல் அட்டைகளைப் புரட்டி முடிப்பதற்குள் பிள்ளை அழுதுவிடுவான். வெறுங்கையோடு திரும்புவேன். கடைசியில் போவதையே விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் என் மருமகள், “வாங்க அத்தை” என்று சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போனாள். கம்ப்யூட்டரில் குழந்தை உணவு பற்றித் தேடினாள். புத்தகத்தின் எண் வந்துவிட்டது! வாசகரின் நேரம் வீணாகக் கூடாதென்று எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே சொன்னது இதைத்தானே?

ஆனால் சகோதரிகளே, கம்ப்யூட்டர் ‘இல்லை’ என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். ஓரெழுத்து மாறியிருக்கலாம், நூலகரைக் கேளுங்கள். அலமாரியையும் ஒரு நோட்டம் விடுங்கள். கேட்டதைத்தான் கம்ப்யூட்டர் காட்டும். நாங்கள் கேட்காத குழந்தை விளையாட்டுப் புத்தகத்தைக் காட்டியது அலமாரிதான்!