விடுதி வாழ்வும் அதன் விதிகளும்

பல்கலைக்கழக அனுமதி பெற்ற மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ பேராதனைக்கு வந்து சேருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பல்கலைக்கழக வாழ்வு தொடங்கும் இடம் விரிவுரை மண்டபம் அன்று, விடுதியே. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, முன்பின் அறியாத ஓர் அறைத்தோழர், அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட விதிகள் சில: இவையே அவரை முதலில் எதிர்கொள்கின்றன. அவ்விதிகளை வாசிக்கும் இளைஞர் பலர், "வீட்டிலேதான் தந்தையாரின் கட்டுப்பாடு, இங்கேயுமா?" என்று மனத்துக்குள் முணுமுணுப்பது இயல்பு. அவ்விதிகள் எதன்பொருட்டு ஏற்பட்டன? அவை யாரைக் காக்கின்றன? இவ்விரு வினாக்களையும் நேயர்களோடு சேர்ந்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

மாணவர் ஓரிடத்தில் உண்டு உறங்கிக் கற்கும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியிலும் மாணவர் தங்கியிருந்தே உயர்கல்வி கற்றனர். எனினும், ஒரு பல்கலைக்கழகம் முழுவதையுமே விடுதிகளைச் சுற்றி அமைக்க வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது பேராதனையிலேயாம். இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 ஆம் ஆண்டளவிலிருந்தே முயன்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1921 இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. நிலையான பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா, கண்டிப் பகுதியில் அமைவதா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 1942 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதலாவது துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், கேம்பிறிட்ஜிலே பயின்றவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே சூழலில் வாழ்ந்து பழகுவது விரிவுரைக்குக் குறையாத கல்வி என்பது அவர் கொண்ட உறுதி. 1952 இல் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி மகாவலி கங்கைக் கரைக்குக் குடிபெயர்ந்தது. 1954 ஆம் ஆண்டு ஏப்பிரில் 20 ஆந் திகதி, எலிசபெத் மகாராணியாரின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் அதனை முறைப்படி திறந்து வைத்தார்.

ஹந்தானை மலைச்சாரலிலே ஓடு வேய்ந்த கூரைகளோடு எழுந்த அவ்விடுதிகளின் பெயர்களைக் கேட்டாலே நம் நாட்டின் சென்ற காலம் நினைவுக்கு வரும். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், மாக்கஸ் பெர்னாண்டோ, ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தை, அக்பர், விஜேவர்த்தன என்று பல இனத்தாரின் பெயர்களும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பெயர்கள் மட்டுமல்ல, மனிதரும் அவ்வாறே. வேறு வேறு மொழி பேசுவோரும் வேறு வேறு தெய்வம் தொழுவோரும் ஒரே குழாயில் முகங் கழுவி, ஒரே மண்டபத்தில் உணவுண்ண வேண்டியவராயினர். விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் குறிஞ்சிக்குமரன் ஆலயமும் அந்தப் பல்கலைக்கழக நிலத்திலேயே உள்ளன.

1960 ஆம் ஆண்டளவிற் கலைத்துறையிலே சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. ஆங்கிலம் கற்கும் வாய்ப்பில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. மாணவர் தொகை விரைந்து பெருகிற்று. விடுதிகள் அவ்வேகத்திற் பெருகவில்லை. சிலருக்கென அமைந்த அறையிலே பலர் வாழ நேர்ந்தது. இடம் ஒடுங்க ஒடுங்க, ஒருவரின் பழக்கம் மற்றவருக்கு இடையூறாகும் வாய்ப்பு மிகும். விடுதி விதிகளின் தேவையும் அதனாலேயே மிகுந்தது.

இனி, விதிகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். அறைகளில் மின்சூடாக்கி, மின்கேத்தல் முதலியவற்றைப் பாவிக்கலாகாது என்பது ஏறக்குறைய எல்லா விடுதிகளிலும் காணப்படும் விதி. ஒரு கோப்பை தேநீருக்கு இத்துணைத் தடையா என்று எண்ணத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 230 வோல்ற்று மின்னழுத்தத்தில் 5 அம்பியர் செருகியொன்று தாங்கக்கூடிய வலு 1150 வாற்று. மின்கேத்தல் ஒன்றோ பெரும்பாலும் 2000 வாற்று வரையிற் கேட்கும். அஃதாவது 40 வாற்று மின்குமிழ்கள் ஐம்பது ஒருங்கே எரிவதற்கு ஒப்பாகும். பழைய கட்டடங்களின் கம்பிகள் விளக்குகளையும் ஒருசில விசிறிகளையும் எண்ணி இடப்பட்டவை. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடேறுகின்றது; அதன் உறை இளகுகின்றது; தீ மூளுகின்றது. அத்தீ தேநீர் காய்ச்சியவரின் அறையோடு நிற்பதன்று. உறங்கிக்கொண்டிருக்கும் அயலறையாரையும் அது நாடிச் செல்லும்.

வெளியே செல்வோர் பதிவேட்டிற் பெயரெழுதிச் செல்லவேண்டும் என்பது மற்றொரு விதி. இதனைத் தம்மீது கொண்ட ஐயமாகக் கருதுவோர் உளர். ஆயின், இரவிலே தீ மூண்டாலோ, மழைக்காலத்தில் மண் சரிந்தாலோ, உள்ளே எத்தனைபேர் உளர் என்பதை அறிவிப்பது அப்பதிவேடே. இல்லாத ஒருவரைத் தேடி உயிரைப் பணயம் வைப்பதையும், உள்ளே சிக்கிய ஒருவரை மறந்துவிடுவதையும் அந்த ஒருவரிக் கையொப்பம் தடுக்கின்றது.

நீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துக் கழுவவேண்டும் என்பதும் அத்தகையதே. டெங்கு நுளம்பு சேற்று நீரை நாடுவதன்று. பூச்சாடித் தட்டிலும் மறந்துபோன வாளியிலும் தங்கும் தெளிந்த நீரையே அது நாடும். முட்டையிலிருந்து நுளம்பாக வளர அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஓர் அறையாரின் சோம்பல் ஒரு மாடி முழுவதையும் காய்ச்சலிற் கிடத்திவிடலாம்.

அமைதி நேரத்தைப் பற்றி விரித்துக் கூறவேண்டியதில்லை. முன்னர் வானொலிப் பெட்டியின் ஓசை அயலறையாரை வருத்தியது. இன்று கைத்தொலைபேசியின் ஓசை வருத்துகின்றது. கருவி மாறினும், நாளைய பரீட்சைக்குப் படிப்பவரின் தேவை மாறவில்லை. உணவைப் பற்றியும் அவ்வாறே. மரக்கறி உண்போரின் அகப்பை வேறாக இருக்கவேண்டும். நோன்பு காலத்தில் விடியுமுன் உண்போருக்கு வசதி வேண்டும். இவை சலுகைகள் அல்ல. பலர் ஒரு கூரையின்கீழ் மானத்தோடு உண்பதற்கான ஒழுங்குகள்.

இவ்விதிகளையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஓருண்மை புலனாகும். அவை பெரும்பாலும் வலியவருக்காக ஏற்பட்டவையல்ல. உரத்துப் பேசுவோருக்கு அமைதி நேரம் தேவையில்லை. மெல்லப் பேசுவோருக்கே தேவை. நண்பர் பலரை உடையவருக்குப் பதிவேடு தேவையில்லை. இன்று தனியாக வந்து சேர்ந்தவருக்கே தேவை. எழுதப்பட்ட விதி என்பது எளியவரின் துணை.

இதனைத் தெளிவாக உணர வேண்டுமாயின், எழுதப்படாத விதிகளையும் நாம் நோக்குதல் வேண்டும். புதிய மாணவர் இந்தப் படியால் ஏறலாகாது, இந்த உடையே உடுக்கவேண்டும், மூத்தோர் இட்ட பெயராலேயே தம்மை அழைத்துக்கொள்ள வேண்டும், நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து வரவேண்டும் என்பன போன்றவை எந்த அறிவித்தற் பலகையிலும் காணப்படுவதில்லை. ஆயினும், பலகையிலுள்ள விதிகளைவிட அவை கடுமையாக நடத்தப்படுகின்றன. இதற்குப் பகிடிவதை என்று பெயர். பெயரிலே பகிடி இருக்கின்றது. பொருளிலே எஞ்சுவது வதையொன்றே.

அதன் விலை என்ன? 1975 ஆம் ஆண்டிற் பேராதனையில் மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்தார். உயிர் தப்பினாரெனினும் நடமாட இயலாதவரானார். 2002 ஆம் ஆண்டில் அவர் வாழ்வு முடிந்தது. 1997 இல் அங்கே பொறியியற்பீட மாணவர் ஒருவர், அளவுக்கு மிஞ்சிய உடற்பயிற்சியை வலிந்து செய்விக்கப்பட்டமையாற் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். உடல் தாங்காத அளவுக்கு உழைக்கும்போது தசைநார்கள் சிதைகின்றன. அச்சிதைவுப் பொருள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றது. 'வெறும் தண்டால் எடுக்கச் சொன்னோம்' என்று கூறுவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைக் குற்றமென விதித்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையிலான கடூழியச் சிறையும், அதன்போது பாலியற் தொல்லையோ கொடுங்காயமோ விளைப்பின் பத்து ஆண்டுகள் வரையிலான சிறையும் விதிக்கப்படலாம். எனினும், சட்டம் வந்தபின்னரும் அவ்வழக்கம் ஒழிந்துவிடவில்லை.

பகிடிவதையை ஆதரிப்போர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக அவமதிக்கப்படுவதால் அவரிடையே சமத்துவம் உண்டாகின்றது என்பர். இது வெறும் மயக்கம். ஒரே அளவான கட்டிலும், ஒரே சோறும், ஒரே விதிகளும் அச்சமத்துவத்தை எவரையும் அழவைக்காமலே தந்துவிடுகின்றன. அழவைத்துத் தரும் சமத்துவத்திலே, அழவைப்பவர் ஒருவர் எப்பொழுதும் மேலே நிற்கின்றார் அல்லவா?

அங்ஙனமாயின், கேட்கத் தகுந்த விதியையும் மறுக்கத் தகுந்த விதியையும் புதிய மாணவர் எவ்வாறு பிரித்தறிவது? மூன்று வினாக்கள் போதும். முதலாவது, இவ்விதியை எழுதிக் கையொப்பமிட்டுப் பலகையில் ஒட்ட எவரேனும் முன்வருவாரா? இரண்டாவது, இவ்விதி மூத்தவரையும் கட்டுப்படுத்துகின்றதா, புதியவரை மட்டுமா? மூன்றாவது, இதனை மீறினால் மெய்யாகவே துன்புறுபவர் யார்? மின்சூடாக்கியைத் தடுக்கும் விதி மூன்று வினாக்களுக்கும் விடை கூறும். நள்ளிரவில் முழந்தாளிடச் சொல்லும் 'விதி' ஒன்றுக்கும் விடை கூறாது.

இதனால் எழுதப்பட்ட விதிகள் யாவும் குற்றமற்றவை என்று கொள்ளலாகாது. பெண்கள் விடுதியின் வாயில் ஆண்கள் விடுதியின் வாயிலிலும் முன்னதாக அடைக்கப்படுமாயின், நூலகத்தில் இருந்து படிக்கும் நேரம் பெண்களுக்குக் குறைகின்றது. "பாதுகாப்பு எங்களுக்கு, தண்டனையும் எங்களுக்கா?" என்று அவர்கள் கேட்பார்களாயின் அது நேர்மையான கேள்வி. ஆனால், எழுதப்பட்ட விதிக்கு ஒரு சிறப்புண்டு. அதனைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்கலாம். விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் குழுவிடமும் முறையிட்டு மாற்றலாம். யாரால் இடப்பட்டது என்றே தெரியாத விதியை யாரிடம் சென்று முறையிடுவது?

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு சொல். பெட்டியில் உடுப்பையும் துவாயையும் அடுக்கும்போதே, விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுங்கள். முதல் மாதத்தில் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, புள்ளிகளைக் கேட்குமுன் உறக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். "எல்லாரும் பட்டதுதானே" என்ற மறுமொழியைச் சொல்லிவிடாதீர்கள். அம்மறுமொழியைக் கேட்ட பிள்ளை இரண்டாம் முறை உங்களிடம் வாய் திறப்பது அரிது.

மூத்த மாணவருக்கும் ஒரு சொல் உண்டு. புதியவர் ஒருவருக்கு நூலகத்துக்கான வழியைக் காட்டுவதும், பழைய குறிப்புக்களைக் கொடுப்பதும், முதல் இரவில் உணவு மண்டபத்துக்கு உடன் அழைத்துச் செல்வதும் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத விதிகள் விடுதியில் வேண்டுமென்றால், அவை இத்தகையனவாக இருக்கட்டும். விடுதி என்பது நாடு முழுவதும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து பார்க்கும் சிறு முயற்சி. அங்கே எளியவர் அச்சமின்றி உறங்கும் ஒழுங்கைப் பழகியவர், நாளை அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் அதே ஒழுங்கைக் காப்பவராவார்.