யந்திரம் ஓடுமா, கதை ஓடுமா?
சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகளும் பெங்களூர் வாசகர்களும்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் சின்னப் பேட்டைதான். பக்கத்தில் பிரேசர் டவுன், குக் டவுன். நடுவே பெரிய மரங்கள் நிழல் விரிக்கும் ஒரு பூங்கா. 1914-ல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி இங்கேதான் இருக்கிறது. வீதிகளின் பெயர்கள் வெள்ளைக்காரர் விட்டுப்போனவை; ஆனால் அந்த வீதிகளில் தமிழ் ஒலிப்பது இன்று நேற்றைய சங்கதியல்ல. 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்த காலத்திலேயே சென்னை ராஜதானியின் பட்டாளத்தோடு சமையற்காரர், துணி வெளுப்பவர், வியாபாரி என்று தமிழர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த அலை தொழிற்சாலைகளுக்காக வந்தது. எச்.ஏ.எல். 1940-ல், ஐ.டி.ஐ. 1948-ல், எச்.எம்.டி. 1953-ல், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-ல் பிறந்தன. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த பிட்டர்களும் டர்னர்களும் குமாஸ்தாக்களும் காலை ஷிப்ட்டுக்குச் சோற்று டப்பாவோடு கிளம்பினார்கள். கையில் இன்னொன்றும் இருக்கும்: குமுதம், இல்லையென்றால் ஆனந்த விகடன்.

இந்த வாசகர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழில் விஞ்ஞானக் கதை என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் எழுத்தாளர் அவர்களைப் போலவே பெங்களூரில் உத்தியோகம் பார்த்தவர். ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர், பத்திரிகைகளில் சுஜாதா. மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்ததே காரணம். எழுதுவது ஒரு பெண்மணி என்று நம்பியிருந்தவர்களும் உண்டு!

அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகளைத் தொகுத்த புத்தகம் இன்றும் கிடைக்கிறது; வாங்குவோரும் இருக்கிறார்கள். அவர் 2008 பிப்ரவரி 27-ல் மறைந்தார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19-ல், இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க்கும் மறைந்தார். ஒரே மாதத்துக்குள் இரு இழப்பு. அதன்பின் வருஷங்கள் பல உருண்டுவிட்டன. கதைகளில் “எதிர்காலம்” என்று எழுதியதில் பாதி இறந்தகாலமாகிவிட்டது. இன்றைக்கு அந்தத் தொகுதியை எடுப்பவர் என்ன சொல்கிறார் என்பதே கேள்வி.

பட்டறைக்காரரின் கேள்வி

முதல் கட்சி தொழிற்சாலைக் கட்சி. சர்க்யூட் போர்டில் பற்றவைத்துப் பழகிய கை, கதையில் யந்திரம் வந்தால் உடனே கேட்கும்: இது ஓடுமா? மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஒளியின் வேகத்தைத் தாண்டிப் போகிறான் என்றால் எப்படிப் போகிறான்?

இவர்களிடம் சுஜாதாவுக்குப் பாஸ் மார்க் உண்டு. முதல் வகுப்பு எப்போதும் கிடைப்பதில்லை. தொகுதியில் சில கதைகளில் விஞ்ஞானம் பத்து வரியில் முடிந்துபோகிறது. காலத்தில் முன்னும் பின்னும் போகும் வண்டி வருகிறது; அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பாத்திரம் சிரித்து மழுப்பிவிடுகிறது. ஜூனியர் விகடனில் “ஏன்? எதற்கு? எப்படி?” என்று வாசகர் கேள்விகளுக்கு அத்தனை பொறுமையாகப் பதில் சொன்ன மனிதர், கதையில் மட்டும் ஏன் இப்படி என்பது இவர்கள் மனக்குறை.

குறை நியாயமானதே. ஆனால் இந்தக் கேள்வி ஒன்றை மறந்துவிடுகிறது. யந்திரம் ஓடுவது வேறு. மனிதர் அதை ஏற்பது வேறு. இதற்கு அந்தப் பொறியாளரின் சொந்தத் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு யந்திரத்தை உருவாக்கிய குழுவுக்கு அவர்தான் தலைவர். நாட்டிலேயே முதன்முதலாக அத்தகைய யந்திரம் 1982-ல் கேரளத்துப் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் வைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினார்கள், எண்ணிக்கை வந்தது. வழக்கும் வந்தது! சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2004 பொதுத்தேர்தலில்தான் நாடு முழுவதும் அது வந்து சேர்ந்தது. 22 வருஷம்! யந்திரம் செய்யப் பிடித்த காலத்தைவிட மனிதரைச் சம்மதிக்கவைக்கப் பிடித்த காலமே அதிகம். அவர் கதைகளில் யந்திரத்துக்குப் பத்து வரியும் அதன் முன்னால் விழிக்கும் மனிதனுக்குப் பத்துப் பக்கமும் கொடுத்ததில் அதிசயமில்லை.

கடைசி வரிக் கட்சி

இன்னொரு சாராருக்கு விஞ்ஞானம் சரியா தப்பா என்ற கவலையில்லை. கடைசி வரியில் தூக்கிவாரிப் போட்டதா இல்லையா? அதுதான் கணக்கு. “தூண்டில் கதைகள்” என்றே ஒரு வரிசை எழுதியவர் ஆயிற்றே! வாடகை நூலகங்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் இந்தக் கடைசி வரிக்காகவே பலர் வரிசையில் நின்றார்கள்.

இந்த ருசிக்கு ஆயுள் குறைவு. கடைசி வரி தெரிந்துவிட்ட கதையை இரண்டாம் தடவை யார் படிப்பார்? தொகுதியாக ஒரே மூச்சில் படிக்கும்போது இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு ஒன்றாக வந்தபோது மிட்டாய். புத்தகமாக அடுக்கிவைத்தால் நாலாவது கதையில் திகட்டுகிறது. யாரோ ஒருவர் நிச்சயம் யந்திர மனிதனாக இருப்பார் என்று வாசகர் முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

அப்படியிருந்தும் சில கதைகள் திகட்டுவதில்லை. “திமலா”வை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை என்ற பெயரே தேய்ந்து திமலா ஆகிவிட்ட எதிர்காலம். அவசர யுகத்தில் வாழும் ஒரு கணவனும் மனைவியும் அங்கே போகிறார்கள். வாகனம் மாறியிருக்கிறது, பேச்சு மாறியிருக்கிறது. மலைக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் மாறவில்லை. ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் இடித்துப் பிடித்துத் திருப்பதி போய்வந்த குடும்பத்துக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. “ஜில்லு”வும் அப்படித்தான். ஊரே கதிரியக்கத்துக்கு அஞ்சிக் கிளம்பும் நேரத்தில் ஒரு சிறுவனுக்கும் அவன் நாய்க்கும் உள்ள பாசம். அணுவைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் அந்தக் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

நாய் என்றதும் ஜீனோவைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அது சிறுகதையல்ல. ஆனந்த விகடனில் தொடராக வந்த “என் இனிய இயந்திரா”. அதில் இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும், பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருங்கிவிட்டன. 2020-களின் ஆரம்பத்தில் இதெல்லாம் நடப்பதாகக் கதை. அந்த வருஷங்கள் வந்தும் போய்விட்டன. பிள்ளை பெற அனுமதிச் சீட்டு வரவில்லை. பேசும் இயந்திரம் மட்டும் எல்லோர் சட்டைப்பையிலும் வந்துவிட்டது. இந்த ஆரூடக் கணக்கு பார்ப்பதில் சிலருக்குத் தனி உற்சாகம். பொழுதுபோக்காக இருக்கலாம், கதை நன்றாயிருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பஞ்சாங்கத்தைத்தான் பலித்ததா என்று பார்க்க வேண்டும்.

பெயரை மறைத்தால்?

கருத்துச் சொல்பவர்களில் இலக்கியக் கட்சியும் ஒன்று. இவர்களுக்குச் சுஜாதா என்ற பெயரே தடை. பெயருக்காகவே புகழ்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மராத்தியில் இந்தப் பிரச்சினையை ஒரு விஞ்ஞானி அழகாகத் தீர்த்தார். 2025-ல் மறைந்த வானியல் மேதை ஜயந்த் விஷ்ணு நார்லிகர், 1974-ல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்குக் கருந்துளை பற்றி ஒரு கதை அனுப்பினார். தன் இனிஷியல்களைத் திருப்பிப்போட்டு, நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பொய்ப்பெயரில்! நடுவர்களுக்கு ஆள் தெரியாது. முதல் பரிசு வந்தது. கதைக்கு வந்த மதிப்பு கதைக்கே வந்தது.

சுஜாதாவுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆனாலும் அண்டைவீட்டாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 1993-ல் நேஷனல் புக் டிரஸ்டுக்காகப் பால் போண்ட்கே இந்திய மொழிகளின் விஞ்ஞானக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது நார்லிகரும், கன்னடத்தின் ராஜசேகர் பூசனூர்மட்டும், தமிழிலிருந்து சுஜாதாவும் அதில் இடம்பெற்றார்கள். கன்னடத்திலும் இந்த ருசி வளர்ந்திருந்தது என்பது பெங்களூர்த் தமிழர் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். பக்கத்து மேஜையில் உட்காரும் கன்னட நண்பரிடம் பூசனூர்மட்டைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாமே!

தமிழிலேயே மாற்றுக் குரலும் எழுந்தது. ஜெயமோகன் தன் விஞ்ஞானக் கதைகளை “விசும்பு” என்ற தொகுதியாகக் கொண்டுவந்தார். மேல்நாட்டுக் கதைகளில் வரும் விண்கலமும் யந்திர மனிதனும் நமக்கு எதற்கு, சித்த மருத்துவமும் ரசவாதமும் எழுப்பும் கேள்விகளே நம் விஞ்ஞானக் கதைக்கு மூலப்பொருள் ஆகலாமே என்பது அதன் பின்னுள்ள வாதம். வாதம் கனமானது. கதைகளும் கனமானவை, எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவர் கையில் எடுத்ததும் ஓடுவது எது என்றால் சுஜாதாவுக்கே அதிக ஓட்டு விழும். அது அவர் பலம். அந்த ஓட்டமே சில கதைகளை ஆழம் போகவிடாமல் தடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்காலத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருப்பது இன்றைய வாசகிகளுக்கு நிச்சயம் உறுத்தும்.

வாசகர் கருத்துக்கு இத்தனை மதிப்பா என்று கேட்கலாம். விஞ்ஞானக் கதை என்ற சரக்கே வாசகர் கடிதத்தில் வளர்ந்ததுதான். 1926-ல் அமெரிக்காவில் ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக் இதற்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார். வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், சங்கம் வைத்தார்கள், அவர்களிலிருந்தே அடுத்த எழுத்தாளர்கள் வந்தார்கள். நம் பத்திரிகைகளிலும் கடிதங்கள் மலைபோல் குவிந்தன. ஆனால் அவை எழுத்தாளருக்குப் போனவை. வாசகர் வாசகருக்கு எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, சுஜாதாவுக்கு ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் அவர் வழியில் விஞ்ஞானக் கதை எழுத வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அலமாரியில் தூங்கும் புத்தகம்

இப்போது ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பேட்டைகளின் சொந்தக் கவலைக்கு வருவோம். அப்பா ஆசையாகச் சேர்த்த புத்தகம் அலமாரியில் இருக்கிறது. பிள்ளையோ இங்கிலீஷ் மீடியம். பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம் அல்லது இந்தி. வீட்டில் தமிழ் பேசுகிறான், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆர்தர் கிளார்க்கையும் அசிமோவையும் படித்துவிட்டு வந்து, தமிழில் இப்படியெல்லாம் உண்டா என்று கேட்கிறான். உண்டு என்று எடுத்துக் கொடுத்தால் புத்தகத்தைத் திருப்பித் தருகிறான். இந்தத் தொகுதியைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் இல்லை, இருக்க வழியில்லை. திட்டுவதற்காவது படிக்க வேண்டுமல்லவா?

ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்பார் சிலர். அதில் கதை போய்ச் சேரும். திருமலை திமலாவாகத் தேய்ந்த வேடிக்கை போய்ச் சேராது.

அல்சூரில் 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தூரமில்லை. எழுத்துக் கற்பது என்றால் அங்கே போய் விசாரிக்கலாம். அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு: உரக்கப் படித்துக் காட்டுவது. சுஜாதாவின் மீது தமிழ்ப் புலவர்கள் வைத்த பெரிய புகார், ஆங்கிலம் கலக்கிறார், பேச்சுத் தமிழில் எழுதுகிறார் என்பது. பெங்களூர்ப் பிள்ளைக்கு அதுவே வரப்பிரசாதம். அவன் காதுக்குப் பழகிய தமிழே அச்சில் இருக்கிறது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து பக்கக் கதைகள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி போதும்.

பத்து வயதுப் பிள்ளை என்றால் “ஜில்லு”வில் ஆரம்பிக்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குத் “திமலா”. ஜீனோவைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அது நீண்ட கதை. கால யந்திரக் கதை வந்தால் பையன் குறுக்கே விழுந்து, “அப்பா, இது எப்படி ஓடும்?” என்று கேட்பான். பட்டறையில் இருந்தவர் என்றால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “எழுதியவருக்கே தெரியாது, மேலே கேள்” என்று பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.